முன்பாய்க்கு ரோலர்

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் வீட்டு வாசலில்தான் சந்தித்துக்கொள்வோம். எனக்கு ஓரகடத்தில் ஓர் ஆலையில் மெஷின் பராமரிப்பு, பகல் ஷிப்ட். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் தரப் பரிசோதனை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். குன்றத்தூர் வாடகை வீட்டில் நான் செருப்பு மாட்டும்போது அவள் செருப்பைக் கழற்றுவாள். "காஸ் தீந்துபோச்சு", "சாவி மேல இருக்கு", இவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு.

மிஞ்சியது ஞாயிறு. எங்கள் ஆலைக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகு ஒன்று, சென்னைத் துறைமுகத்தில் எங்களுக்காகக் கட்டிக் கிடந்தது. சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதுதான் சினிமா, அதுதான் ஓட்டல்.

ஆனால் அங்கேயும் பேச முடியாது. நான் பின்னால் சுக்கானைப் பிடித்திருப்பேன். அவள் முன்னால் நின்று, முன்பாயின் பித்தளைக் கொக்கிகளை, பாய்மர உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு இழுத்துக் கட்டிய கம்பியில் ஒவ்வொன்றாக மாட்டி ஏற்றுவாள். காற்று கூடினால் அதை இறக்கிவிட்டுச் சின்னப் பாயை மாட்டுவாள். நான் கத்துவது எதுவும் அவள் காதில் விழாது. வாரம் முழுக்கப் பார்க்காத பெண்டாட்டியின் முதுகைப் பார்க்கவா படகு வைத்திருக்கிறோம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மழைக்காலத்தில் முன்பாய் கிழிந்தது. புதிதாகத் தைக்க வேண்டும். கொக்கிக்கு ஒரு தையல், ரோலருக்கு வேறு தையல் என்பதால் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். ரோலர் என்றால் பாய் கம்பியிலேயே சுருண்டு கிடக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை இழுத்தால் விரியும், இன்னொன்றை இழுத்தால் சுருளும். யாரும் முன்னால் போக வேண்டாம்.

ரோலர்தான் என்றேன். என் மனைவி தூத்துக்குடிக்காரி, சம்மதிக்கவில்லை.

"காத்து பலமா அடிக்கும்போது சிக்கிக்கிட்டா என்ன செய்வீய? கொக்கின்னா கயித்த அவுத்துவிட்டா கீழ வந்துரும்."

"அதெல்லாம் சிக்காது. நான் இன்னாத்துக்கு கீறேன்?"

"எங்க கம்பெனி லைன்லயும் தெனமும் இப்படித்தான் சொல்லுதாங்க. தெனமும் லைன் நிக்கி. பாதி சுருட்டின பாய் தொப்ப போட்டுக்கிட்டு நிக்கும், படகும் காத்த எதுத்து ஏறாது."

சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் நான் பிடிவாதத்தை விடவில்லை. வாசலில் கிடைத்த நேரத்தையெல்லாம் இந்தச் சண்டைக்கே செலவழித்தோம். ஒரு நாள் காலை அவள் கேட்டாள்.

"நான் கால் இடறி விழுந்துருவேன்னு பயமா? நேராச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாரத்துல ஒரு நாளாவது நீ பக்கத்துல குந்திகினு பேசிகினு வரணும். அதுக்குத்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. ரோலரே போடுங்க. ஆனா நான் செக் பண்ணி ஓகே சொன்னாத்தான் கரைய விட்டுக் கெளம்பணும்."

அப்படியே செய்தாள். முதல் ஞாயிறு, கட்டிய இடத்திலேயே பலமுறை விரித்தும் சுருட்டியும் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள். வெளியே வந்ததும் கயிற்றை இழுத்தாள், பாய் விரிந்தது. பிறகு அவளுக்கு வேலை ஒன்றுமில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் விற்பனைக்கு வந்திருந்த மனையில் ஆரம்பித்தேன். "ம்" என்றாள். கிணறு இருப்பதைச் சொன்னேன். இன்னொரு "ம்". அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

சனி இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவள். இத்தனை நாளும் இந்தத் தூக்கத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் முன்னால் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோள் மரத்துப்போனது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. கொக்கிப் பாயாக இருந்திருந்தால் அவளை எழுப்பித்தான் ஆக வேண்டும். சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் கயிற்றை மெதுவாக இழுத்தேன். பாய் சிக்காமல் சுருண்டது. அவள் தூக்கம் கலையவில்லை.