கோச்சியில் வந்த ராமாயி

என் மூத்த பேரன் எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே தேறிவிட்டான். இரண்டாமவன் வேடசந்தூர் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். பேத்திக்குத் திண்டுக்கல்லில் டீச்சர் டிரெயினிங் இடம் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதையெல்லாம் சொல்லித் தெருவில் கற்கண்டு கொடுத்துக்கொண்டு போன அன்றுதான் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "அப்பத்தா, கண்டிக்காரி போயிருச்சு. வெங்காயக் காட்டுல களையெடுத்துக்கிட்டு இருந்தது, அப்படியே சாஞ்சிருச்சாம்."

கண்டிக்காரியாம்! பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவளுக்குச் சாவிலும் அதுதான் பெயர். அவள் பெயர் ராமாயி. அதை எழுதத்தான் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இடம் கேட்டேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள். எழுத்துப் பிழை இருந்தால் தம்பிமார் திருத்திக்கொள்ளலாம். சொன்னதைத் திருத்தக் கூடாது.

ராமாயியின் அப்பா இந்த ஊர்க்காரர். இளவட்டத்தில் சிலோனில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலி அறுத்தது எல்லாம் அங்கேதான். அந்த நாட்டுக்காரர்கள் "நீ எங்கள் ஆளில்லை" என்று சொன்ன பிறகு, சின்னப் பையனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, முதலில் தான் கால் ஊன்றி அப்புறம் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்தாள். தன் பெரியப்பா மகன் வீட்டு வாசலில் தகரப் பெட்டியோடு அவள் நின்றதை நான் பார்த்தேன். அவரைப் பெரிய வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். வாசிக்கிறபோது அவருக்கே தெரியும்.

"எப்படி வந்தே?" என்றார்.

"தலைமன்னார் வரைக்கும் கோச்சியில வந்தேன் அண்ணே. அப்புறம் கப்பலு. தனுஷ்கோடியில இருந்து திரும்பவும் கோச்சி."

"கோச்சியா? அது என்னாத்தா, ஆடா மாடா?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தீர்கள். ரயிலைத்தான் சொல்கிறாள் என்று தெரியாமலா சிரித்தீர்கள்? அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க சித்தப்பனுக்குப் பொண்ணே கிடையாது. கோச்சி ஏறி வந்தவளெல்லாம் எனக்குத் தங்கச்சியா?" என்று கதவைச் சாத்தினார். அந்தச் சித்தப்பன் பங்குத் தோட்டத்தில் அன்றைக்கும் பெரிய வீட்டுக்காரருடைய கத்திரிக்காய்தான் காய்த்துக்கொண்டிருந்தது.

குளத்தங்கரைக் குடிசையில் இருந்துகொண்டு கூலிக்குப் போனாள். வேலைக்கு ஆள் கூடும் இடத்தைப் பெரட்டு என்பாள். வரிசை வீடுகளை லயம் என்பாள். வாய் திறந்தால் கேலி. என் மூத்த பேரன்தான் விளக்கிச் சொன்னான். "அப்பத்தா, இதெல்லாம் இங்கிலீசு. கோச்சுங்கிறது பழைய காலத்து வார்த்தை. வெள்ளைக்காரனே இப்ப ரயிலை அப்படிச் சொல்றதில்ல."

நேரே கிணற்றடிக்குப் போனேன். அங்கே அவளைக் கேலி செய்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "ஏண்டி, ரயிலுங்கிறது மட்டும் உங்க பாட்டன் வச்ச பேரா? அதுவும் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுதானடி!" என்று கத்தினேன்.

ராமாயி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா. அங்க இந்தியாக்காரின்னாங்க, இங்க கண்டிக்காரிங்கிறாங்க. நடுக்கடல்ல கப்பல்ல இருந்தப்பத்தான் என்னை யாரும் ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

ஒரு வருஷம் 'ரயிலு' என்றே சொல்லிப் பார்த்தாள். அப்போதும் கண்டிக்காரிதான். பிறகு கோச்சிக்கே திரும்பிவிட்டாள். "நாக்கை மாத்தியாச்சு. அண்ணன் மனசு மாறலையேக்கா" என்றாள்.

அவளை எடுக்கிற அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பாடை கட்டியாயிற்று. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் பெண்ணை எடுக்கிற வழக்கம் நம்மில் கிடையாது. பெரிய வீட்டுக்காரர் வேப்ப மரத்தடியில் நின்றார். "சேலை பெருசில்ல. போட்டா தங்கச்சின்னு ஆயிரும். நாளைக்கு அவ மகன் பங்கு கேட்டு வந்து நிப்பான்" என்றார். வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. ஊரே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பேரன் தேறியதற்காக எனக்குச் சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு சின்னாளப்பட்டியிலிருந்து வந்திருந்த என் தம்பி கேட்டான். "அக்கா, அது உன்னை என்னான்னு கூப்பிடும்?"

"அக்கான்னுதான்."

"அப்ப எனக்கும் கூடப் பிறந்ததுதான். சேலையைக் கொண்டா."

அவன் போர்த்தும்போது, "இது முறையில்லப்பா" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"முறை செய்யாதவுக முறை பேசாதீக" என்றான் தம்பி.

பதினாறாம் நாள் சாப்பிட்டு எழுந்து, "நல்ல மனுசி" என்றீர்கள். உயிரோடு இருந்தபோது ஒருத்தர் அதை அவள் காதில் போட்டிருந்தால் மகனை வரச் சொல்லியிருப்பாள். கடைசிவரை அவள் கால் ஊன்றவில்லை. நாம் ஊன்ற விடவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மகனை. எனக்கு மகன் முறை, என் தம்பிக்கு மருமகன். தோட்டத்து விலாசத்துக்கு என் கையாலேயே எழுதிப் போட்டுவிட்டேன்: "அப்பு, உங்க ஆத்தா வச்சிருந்த படத்துல நீ டவுசர் போட்டு நிக்கிறே. அதை வச்சு இப்ப உன்னை அடையாளம் தெரியாது. புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு. நீ வந்து இறங்குற அன்னிக்குத் திண்டுக்கல் ஸ்டேஷன்ல, அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னாடியும் நான் உன்னை முறை சொல்லிக் கூப்பிடணும்."