துண்டுக்குள் மடக்கிய விரல்கள்

முதலில் நான் சந்தேகப்பட்டது பதநீர்க்காரியைத்தான். அருப்புக்கோட்டைச் சந்தையில் அன்று காலை பனையோலைப் பட்டையில் இரண்டு தடவை வாங்கிக் குடித்திருந்தேன். குடித்தது உள்ளே போனது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. வேலியோரம் போய் நிற்பேன், நின்றுகொண்டே இருப்பேன், திரும்பி வருவேன். என்னத்தையோ கலந்துவிட்டாள் பாவி என்று அவளோடு சண்டைக்கே போனேன்.

உண்மையில் கோளாறு இரண்டு வருஷமாக இருந்தது. நூலாக இறங்கும், நிற்கும், மறுபடி சொட்டும். போய்விட்டு வந்தாலும் பாதி உள்ளேயே கிடப்பதுபோல இருக்கும். எங்கள் சீமையில் இதற்கெல்லாம் ஒரே பெயர், சூடு. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, நீராகாரத்தை வயிறு முட்டக் குடி என்பார்கள். நானும் குடித்தேன். வெளியேறும் வாசலை அடைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அது அப்போது தெரியவில்லை.

நான் நரிக்குடிப் பக்கத்து மாட்டுத் தரகன். விற்கிறவனையும் வாங்குகிறவனையும் நம்பாமல் இருப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் பேரம் வாயால் நடக்காது. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைத் தொட்டுத்தான் பேசுவோம். வேண்டாம் என்றால் எல்லா விரலையும் மடக்கிவிட வேண்டும். வாய் என்ன பொய்யும் சொல்லலாம். துண்டுக்குள் பொய் சொன்னவன் அப்புறம் எந்தச் சந்தைக்கும் போக முடியாது.

அன்று வேலியோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தவன் என் மனைவியின் தம்பி சண்முகம். டவுனில் நூல் கடையில் வேலை பார்க்கிறவன். அடிவயிற்றைத் தொட்டுவிட்டுப் பயந்துபோனான்.

“மச்சான், வகுறு கல்லு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க.”

“ஒனக்கு எதுக்குலே இம்புட்டு அவசரம்?” என்றேன். அவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றுதான் அந்த வலியிலும் தோன்றியது.

டவுன் ஆஸ்பத்திரியில் கத்தீட்டர் (சிறுநீர்ப் பைக்குள் செலுத்தும் ரப்பர் குழாய்) வைத்தார்கள். ஒரு பீங்கான் பேசின் நிறைந்து இன்னொன்று வைத்தார்கள். அந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கக் கம்பவுண்டரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

மதுரைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரியைப் போட்டு ஓட்டும் பஸ்ஸில், மேட்டுக்கு மேடு நின்று நின்று, குழாயும் நானுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே டாக்டர் என்னை ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். கையில் ரப்பர் உறை மாட்டினார். ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் துள்ளி எழுந்துவிட்டேன். அடைப்பு முன்னால், கையை விடுவது பின்னாலா? இது என்ன கூத்து!

அவர் கோபப்படவில்லை. “என்ன தொழில் பண்றீங்க?” என்றார். சொன்னேன்.

“மாட்டு வாயில கையை விட்டுப் பல்லைப் பார்க்காம வாங்கிக் கொடுப்பீங்களா?”

திரும்பிப் படுத்து முழங்காலை மடக்கினேன். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூச்சம் உண்டு, வலி அதிகமில்லை. இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கூச்சத்துக்காகவே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருப்பவர்கள் உண்டென்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நோயின் பெயர் புராஸ்டேட் வீக்கம் (ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப் பையின் கழுத்தைச் சுற்றி உள்ள சுரப்பி பெருத்து, நடுவே போகும் குழாயை நெரிப்பது). வயதானால் பலருக்கும் வருவதுதான் என்றார். “கல்லு மாதிரி கெட்டியா இருந்தா புற்றோன்னு பயப்படணும். உங்களுக்கு மெதுவாத்தான் இருக்கு. அறுத்து எடுத்துடலாம்.”

அறுப்பது என்றதும் என் நினைப்பு வேறெங்கோ போயிற்று. எத்தனையோ காளைகளைக் காயடிக்க நானே கயிறு பிடித்திருக்கிறேன். இவர்கள் எதை எடுக்கப் போகிறார்களோ! மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“ஆமா, இந்த வயசுல அதக் கட்டிக் காத்து என்ன செய்யப் போறீக? மொதல்ல உசுரோட வீடு வந்து சேருங்க.”

கையெழுத்துப் போடக் கொடுத்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. சண்முகத்தைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. மூன்று தடவையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அவன் முகம் வாடிப்போனது. வாடட்டும் என்றிருந்தேன்.

முதல் ஆபரேஷனில் தொப்புளுக்குக் கீழே துளை போட்டு, சிறுநீர்ப் பையிலிருந்து ஒரு குழாயை வெளியே எடுத்து, கட்டிலடியில் இருந்த பாட்டிலில் விட்டார்கள். சுரப்பியைத் தொடவில்லை. தேங்கிய நீரால் சிறுநீரகம் களைத்திருக்கிறது, அது தேறியபின் இரண்டாவது ஆபரேஷன் என்றார் டாக்டர். முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். நான் நம்பவில்லை. தப்பாக அறுத்துவிட்டார்கள், மூடி மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். நர்ஸ் சிரித்தால் என்னைப் பார்த்து, டாக்டர் கிசுகிசுத்தால் என்னைப் பற்றி. மூன்று வாரம் பாட்டிலில் விழும் சொட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அப்போதுதான் முனியாண்டி வந்தான். திருச்சுழிக்காரன், முப்பது வருஷமாக என்னோடு சந்தையில் நிற்கிற தரகன். வயிற்றிலிருந்து இறங்கும் குழாயையும் பாட்டிலில் கிடந்த சிவந்த நீரையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு ஸ்டூலை நெருக்கிப் போட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டான்.

“ஏலே, எனக்கும் ஒரு வருசமா இதே கோளாறுதான். யாருகிட்டயும் சொல்லல. டாக்டரு நல்லாயிரும்னு வாயால சொல்லுவாரு. நீ வெரலால சொல்லு. நான் இங்க காமிக்கவா?”

அவன் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே மாற்று வேட்டியும் தண்ணீர் குடிக்கும் போணி ஒன்றும் தெரிந்தன. தங்கிப் பார்க்கத் தயாராகத்தான் வந்திருந்தான். அது எனக்குப் புரிந்தது.

புரிந்தும் மடக்கினேன். ஐந்து விரலையும்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். “சரி, வாரேன்” என்று பையை எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து இரண்டாவது ஆபரேஷன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். பழைய துளையை அகலமாக்கி அதன் வழியாகவே விரலை விட்டுச் சுரப்பியைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்ததைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தேன். காட்டினார்கள். ஒரு தட்டில், எலுமிச்சை அளவில் கிடந்தது. இரண்டு நாள் ரத்தம் போயிற்று, காய்ச்சல் அடித்தது. பிறகு தணிந்தது. குழாயை எடுத்துப் புண் மூடியபின் ஒரு காலை வேளையில் எழுந்து நின்றேன். தாராளமாகப் போனது. சட்டியில் விழுந்த சத்தம் வெளியே மனைவிக்குக் கேட்டிருக்கிறது. “என்ன, மழையா?” என்றாள்.

அன்றைக்கே சண்முகத்திடம் கார்டு வாங்கி என் கையாலேயே எழுதினேன். நான் மடக்கியது தப்பு, உடனே புறப்பட்டு வா என்று.

பதில் வரவில்லை. ஊர் திரும்பும் வழியில் வண்டியைத் திருச்சுழிக்கு விடச் சொன்னேன். முனியாண்டியின் மனைவி கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இது வந்தன்னைக்கு அவுக போயிச் சேந்து எட்டாம் நாளுண்ணே. அடைச்சுக்கிட்டு வகுறு வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கால்ல விழுந்தேன். ‘அவன் வெரல மடக்கிட்டான், அப்புறம் என்ன’ன்னுட்டாக. பதநியும் நீராகாரமுமாக் குடிச்சுக்கிட்டே கெடந்தாக.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வயிற்றுத் தழும்பு வெயிலில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். நான் எல்லாரையும் நம்புகிறவனாக மாறிவிடவும் இல்லை. பதநீரை இன்றும் மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். சண்முகத்திடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கோளாறைப் பற்றி யாராவது காதோரம் கேட்டால் துண்டு போட விடுவதில்லை. சந்தையே பார்க்க ஐந்து விரலையும் விரித்து, போ, போய்க் காட்டு என்கிறேன்.

முன்பு சந்தை நாளை வைத்து வாரத்தை எண்ணுவேன். இப்போது ஒரு நாள் என்பது எனக்கு நான்கைந்து முறை வேலியோரம் போய் நிற்பது. நின்றதும் தடையில்லாமல் இறங்குகிறது. அப்போதெல்லாம் இந்த வலது கை தானாக மடங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்டுத்தான் திரும்பி வருகிறேன்.