எஞ்சினுக்கும் ஒரு வாக்கு

பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அன்று சங்கக் கட்டடத்தில் நடந்ததைப் பற்றி, அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகமாகக் கதைக்கிறார்கள்.

அரசாங்கத் தேர்தல் எதையும் நான் தவறவிட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போவேன், விரலில் மை பூசுவார்கள், துண்டில் ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வருவேன். யாருக்குப் போட்டாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் அப்படி இல்லை. எனக்கு வள்ளம் கிடையாது. பதினொரு வருடமாக ஒரே ஆளின் வள்ளத்தில் பங்குக்குப் போனேன். வள்ளத்துக்காரரை நாங்கள் சம்மாட்டி என்போம். அவரோடு போகும் எங்கள் நால்வரின் சங்கச் சந்தாவையும் அவரே கட்டுவார். ஆகவே தேர்தல் வந்தால் எங்கள் நால்வரின் வாக்குத் துண்டுகளையும் அவரே வாங்கி, அவரே புள்ளடி போட்டு, அவரே பெட்டியில் போட்டுவிடுவார். நாங்கள் வாசலில் நின்று வெற்றிலை போடுவோம். அது பிழை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன வருடம் தலைவர் பதவிக்குச் சம்மாட்டியே நின்றார். எதிர்த்து நின்றது என் மச்சான், மனைவியின் தமையன். அவரும் வேறொரு வள்ளத்தில் பங்குக்குப் போகிறவர். தேர்தலை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. பெயரைக் கூப்பிட்டு அவரவர் கையில் துண்டைக் கொடுத்துவிட்டார்.

சம்மாட்டி எழும்பினார். "சேர், மீன் பிரிக்கேக்கை வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் ஆளுக்கு. வோட்டு மட்டும் எல்லாருக்கும் ஒண்டோ? ரெண்டு வள்ளம் வைச்சிருக்கிறவனும் வெறுங்கையோடை வாறவனும் ஒண்டோ?"

"ஓம், ஒண்டுதான்" என்றார் வாத்தியார்.

பின்வரிசையிலிருந்து மச்சானின் குரல் வந்தது. "இல்லை சேர், அவர் சொல்லுறதும் நியாயம்தானே. சம்மாட்டியார், எஞ்சினைக் கழட்டித் தோளிலை தூக்கிக்கொண்டு வாங்கோ. அது தன்ரை கையாலை புள்ளடி போடட்டும்."

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சம்மாட்டியின் மூத்த மகன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த, வள்ளம் ஊன்றும் கம்பை எடுத்து மச்சானின் தலையில் இறக்கினான். ஐஸ் கட்டி உடைகிற மாதிரிச் சத்தம். மச்சான் கதிரையோடு சரிந்தார். நெற்றியிலிருந்து வழிந்த இரத்தம் காதுக்குள் இறங்கியது. கதிரைகள் பறந்தன. யாரோ அந்த மகனின் பிடரியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். பல் ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

அதற்குள் சம்மாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மற்ற மூவரின் துண்டுகளும் ஏற்கனவே அவருடைய சட்டைப்பையில் இருந்தன.

"டேய், துண்டைத் தா."

நான் துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். கையை விரிக்கவில்லை.

"உன்ரை சந்தா ஆர் கட்டினது? நாளைக்குக் கடலுக்கு வாறேல்லையோ?"

என் வலது சின்னவிரலைப் பின்பக்கமாக மடக்கினார். அது முறிந்த சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன், பிறகுதான் வலித்தது. குனிந்து அவருடைய கையைக் கடித்தேன். உப்பும் மண்ணெண்ணெயும் வாய்க்குள் வந்தன. மற்றக் கையால் என் மூக்கில் மூன்று தரம் குத்தினார். அவர் விட்ட பிறகுதான் நானும் விட்டேன்.

வாக்குப் பெட்டி என்பது ஒரு மீன் ஐஸ்பெட்டி. வாத்தியார் அதைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் நின்றிருந்தார். ஆட்களை விலக்கி இருத்திய பிறகு, தேர்தலை ஒத்திவைப்பதாகச் சொன்னார். மச்சான் தலையில் ஒரு சாரத்துணியைச் சுற்றிக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார்.

"எண்ணிப்போட்டுப் போவம் சேர். ஆஸ்பத்திரி எங்கையும் ஓடாது."

வாத்தியார் பெட்டியைத் திரும்ப மேசையில் வைத்தார். இடது கையால் மச்சானின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். மூக்கிலிருந்து இரண்டு துளி துண்டில் விழுந்தது. அப்படியே மடித்துப் போட்டேன். சம்மாட்டி மூன்று துண்டுகளை ஒன்றாகப் போட்டார். ஒருவரும் தடுக்கவில்லை.

எண்ணும்போது வாத்தியார் ஒரு துண்டைத் தனியே வைத்தார். "இது செல்லாது. இரத்த அடையாளம் இருக்கு. ஆரின்ரை வோட்டு எண்டு தெரியுது."

"என்ரை, சேர்" என்றேன். சங்கக் கூட்டத்தில் நான் முதன்முதலாகக் கதைத்தது அதுதான்.

"அதாலைதான் தம்பி செல்லாது."

சம்மாட்டி ஏழு வாக்கால் வென்றார். என்னுடையதை எண்ணியிருந்தாலும் அவர்தான் வென்றிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் போட்ட மூன்று துண்டும் சுத்தமாக இருந்தன, எண்ணப்பட்டன. என்னுடையது மட்டும் மேசையின் ஓரத்தில் கிடந்தது.

"உவன் என்னைக் கடிச்சதுதான் மிச்சம்" என்று சம்மாட்டி கையைத் தூக்கிக் காட்டினார். திரும்பவும் சிரித்தார்கள்.

கம்பு வாசலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். சம்மாட்டியின் வள்ளத்தில் பூட்டியிருந்தது, பதினொரு வருடம் நான் கழுவித் துடைத்த எஞ்சின். முதல் அடியிலேயே மூடி பிளந்தது. ஒவ்வொரு அடிக்கும் முறிந்த விரல் தோள்வரை இழுத்தது. வயர்கள் மணலில் தொங்கும்வரை அடித்தேன்.

அடுத்த நாள் மச்சான் ஒன்பது தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சம்மாட்டி தன் மற்ற வள்ளத்து எஞ்சினைக் கழற்றி இந்த வள்ளத்தில் பூட்டி, என் இடத்தில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு தொழிலுக்குப் போனார்.