அடிபட்ட நேரமும் கட்டுப்போட்ட நேரமும்

தகடு அடிக்கும் அந்த ஆலையில் அவளை ஏழு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் நம்பர் பிரஸ் அவளுடைய வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒரே அடியில் எடுத்துக்கொண்டு மிச்சம் ஏழைத் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் கேலியாகத்தான் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்து, "என்ன, பத்து?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பெயர் நிலைத்தது, கேலி போயிற்று.

ஐந்து பெண்களில் அவள் நாலாவது. தாய் கண் மூடும்போது அவளுக்கு ஒன்பது வயது. மூத்த அக்காதான் வளர்த்தாள். அக்காவைக் கட்டியவர் அந்த ஆலையில் இரண்டாம் ஷிப்டுக்கு மேற்பார்வையாளர். குரல் உயர்த்தத் தெரியாத மனுஷன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் கண்ணாடியைத் தேடுவார். ஏழுவை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அந்த மாமாதான்.

முதல் ஷிப்டின் மேற்பார்வையாளன் வேறு ரகம். அவனுக்கு பூட்ஸ் என்று பெயர். வேலை செய்பவர்களை அவன் வாயால் விரட்டுவதைவிடக் காலால் விரட்டுவதுதான் அதிகம். குனிந்து தகடு எடுப்பவனின் இடுப்பெலும்பைப் பார்த்து உதைப்பான். ஒருவனை நடக்கும் கன்வேயர் மேல் தள்ளி முழங்கையைத் தேய்த்துவிட்டதைப் பதினான்கு பிரஸ்காரர்களும் பார்த்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

ஆலை வாசலில் இரண்டு பலகைகள் தொங்கும். எந்த ஷிப்டில் எத்தனை நாளாக விபத்து இல்லை என்று அவற்றில் எழுதியிருக்கும். பூட்ஸின் பலகையில் தொள்ளாயிரத்துச் சொச்சம். மாமாவின் பலகை பத்தைத் தாண்டியதே இல்லை.

விரல் போனவளை வீட்டுக்கு அனுப்பினால் வழக்கு வரும் என்று நிர்வாகம் அவளை முதலுதவி அறையில் உட்கார வைத்தது. கட்டுப்போடக் கம்பவுண்டர், பதிவேடு எழுத அவள். தேதி, ஆள் எண், பிரஸ் எண், நேரம், காயம், அப்போது பொறுப்பில் இருந்த மேற்பார்வையாளரின் கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். அதையெல்லாம் இடது கையால் கணினியில் ஏற்றினாள். ஏற்றுகிறவளுக்கு, ஏற்றியதை வைத்து என்ன செய்யலாம் என்ற குறுகுறுப்பு வந்தது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்து எட்டு மாதம் படித்தாள். வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு கோப்பது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, ரத்தத்தைக் கட்டம் கட்டி வைக்கிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார்.

திட்டப் பிரிவில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது நேரே போய் மேலாளர் அம்மாவின் முன் நின்றாள். பட்டம் இல்லை, பயிற்சி நிலையத்துக் காகிதம் இல்லை என்று தானே சொல்லிவிட்டாள்.

"காகிதம் எனக்கு வேண்டாம்மா. நம்ம ஆலை விவரத்தை வச்சு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கொண்டு வா. பதில்ல பொய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா.

எந்த நேரத்தில் கை போகிறது? இதுதான் ஏழு எடுத்துக்கொண்ட கேள்வி. மூன்று வருடப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு வரிகள். பிழையாக ஏறிய தேதிகளைத் திருத்தினாள், இரட்டித்த எண்களை நேராக்கினாள். ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்கப் பிடிக்காமல் மறைத்து வைத்தாள். அது அவளுடைய வரி.

படம் வரைந்ததும் ஓர் இடத்தில் கடப்பாரை மாதிரிக் கோடு நட்டுக்கொண்டு நின்றது. தொண்ணூற்றேழு காயங்கள் இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில். மிச்சமெல்லாம் வாசல் பலகைக்கு ஏறாத சின்னக் கீறல்கள், நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இரண்டு மணிக்கு சைரன் அடித்ததும் ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு ஆள் கையிலிருக்கும் வேலையை முடித்து பிரஸ்ஸை ஒப்படைக்க அரை மணி நேரம் கூட நிற்பான். அந்த அரை மணிக்கும் பொறுப்பு இரண்டாம் ஷிப்டு மேற்பார்வையாளருடையது. மாமாவுடையது.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, "நான் பார்க்கும்போதே ரத்தத்தோடதான் வந்து நிக்கிறாங்க பாப்பா" என்றார்.

"விவரம் பொய் சொல்லாது மாமா" என்றாள் அவள். எட்டு மாதம் படித்தவள் அல்லவா.

மேலாளர் அம்மாவுக்குப் படம் பிடித்துப்போயிற்று. வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். மாமாவின் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒட்டிய அன்றே பதினோராம் பிரஸ் ஒருவனின் கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. கல்யாணமாகி நாலு மாதம் ஆனவன். பதிவேட்டில் நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். மாமா கையெழுத்து.

அவனுக்கு அண்ணன்மார் இரண்டு பேர். இருவருக்கும் சரக்கு ஏற்றும் முற்றத்தில் வேலை. மறுநாள் மதியம் மருத்துவமனையிலிருந்து நேரே வந்தவர்கள் வாசலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்கள். மாமா சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். பெரியவன் பையைத்தான் முதலில் உதைத்தான். சின்னவன் சரக்கு கட்டும் இரும்புப் பட்டையைச் சுழற்றினான். முதல் அடியில் கண்ணாடி உடைந்து புருவத்தில் இறங்கியது. இரண்டாவது அடிக்குத் தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. கீழே விழுந்தவரின் விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். ஏழு முதலுதவி அறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஓடி வருவதற்குள் நாலு எலும்பு முறிந்திருந்தது. அவர் கடைசிவரை கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை.

பெரியவன் மூச்சு வாங்க அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "டாக்டர் சொல்றாருடா, ஒரு மணி நேரமா ரத்தம் போயிருக்காம். சீக்கிரம் வந்திருந்தா கை மிஞ்சியிருக்குமாம். ஒரு மணி நேரம் எங்கடா போட்டு வச்சிருந்த எங்க தம்பிய?"

மருத்துவமனையில் அக்கா அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். கன்னத்தில் விழுந்த அறையில் ஏழு சுவரில் போய் மோதினாள். "வளர்த்த கடா மார்ல பாயும்னு கேட்டிருக்கேன். நீ படம் வரைஞ்சு பாஞ்சிருக்கடி. இனிமே வாசப்படி மிதிச்சிராத" என்றாள்.

அவளுக்கு அறை வலிக்கவில்லை. ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. சைரன் அடித்தது இரண்டு மணிக்கு. அவன் முதலுதவிக்கு வந்தது இரண்டு பத்துக்கு. பத்து நிமிடத்துக்குள் ஒரு மணி நேரத்து ரத்தம் எப்படிப் போகும்?

அன்று சாயங்காலம் முதலுதவி அறைக்குத் திரும்பி, மறைத்து வைத்த வரியைத் திறந்தாள். ஒன்பதாம் பிரஸ், மூன்று விரல், நேரம் இரண்டு இருபது. மாமாவின் கையெழுத்து.

அவளுக்கு அடிபட்டது பன்னிரண்டே முக்காலுக்கு. அதை அவள் கண்ணை மூடினால்கூடத் தவிர்க்க முடியாது. பிரஸ் மேலே போனதும் கையை எடுத்தாள், விரல்கள் வரவில்லை. பூட்ஸ் அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்த் தகடுக் கட்டுகளுக்குப் பின்னால் போட்டான். எண்ணெய்த் துணியைக் கையில் சுற்றினான். அவள் தொடையில் காலை வைத்து அழுத்தி, "சைரன் அடிக்கட்டும். அதுக்குள்ள சத்தம் வந்துது, இன்னொரு கையையும் உள்ள விடுவேன்" என்றான். துணியைக் கடித்துக்கொண்டு ஒன்றே கால் மணி நேரம் கிடந்தாள். சைரன் அடித்த பிறகு எழுப்பி நடக்கவிட்டான். அவன் பலகையில் ஒரு நாள் கூடியது.

இது தனக்கு மட்டும் நடந்த கொடுமை என்று அவள் நினைத்திருந்தாள். அடிபட்ட ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள். அந்தப் பதிவேட்டில் இருந்த நேரம் அடிபட்ட நேரமே அல்ல, கட்டுப்போட்ட நேரம். தினம் அதை எழுதுகிறவள் அவள். அவளே பார்க்கவில்லை.

ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஓர் எண்ணி உண்டு. அடி விழும் ஒவ்வொரு நேரத்தையும் அது திட்டப் பிரிவுக் கணினியில் குறித்துக்கொண்டே இருக்கும். ஆள் உதைக்கு பயப்படுவான், எண்ணி பயப்படாது. மேலாளர் அம்மாவிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, தன் பதிவேட்டோடு தேதிக்குத் தேதி, பிரஸ்ஸுக்கு பிரஸ் கோத்தாள். மூன்று நாள் ஆயிற்று. அவள் வரியையும் புதிதாக ஏறிய பதினோராம் பிரஸ் வரியையும் சேர்த்தால் அந்த அரை மணியில் தொண்ணூற்றொன்பது. அதில் தொண்ணூறுக்கு, அதே நாளில், அதே பிரஸ், சைரனுக்கு முன்னாலேயே ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தது. சில சமயம் அரை மணி முன்பு. சில சமயம் ஒன்றரை மணி முன்பு. பதினோராம் பிரஸ் அன்று நின்றது பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு. மிச்சம் ஒன்பதுதான் மாமாவின் பொறுப்பில் நடந்தவை. அதையும் அவள் மறைக்கவில்லை.

அறிக்கையின் முதல் வரியாக, "போன வாரம் நான் கொடுத்த படம் தவறு" என்று எழுதினாள். காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்தத் தடவை ஒட்ட வேண்டாம், பார்க்க வேண்டியவர்கள் பார்த்தால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். மேலாளர் அம்மா பழைய படத்தைத் தன் கையாலேயே கிழித்து எடுத்தார். பூட்ஸுக்கு அது போதுமாக இருந்தது. புகையைப் பார்த்துத் தீயைக் கண்டுபிடிக்கிற ஆள்.

கதவைக் காலால் திறந்துகொண்டு முதலுதவி அறைக்குள் வந்தான். கணினியைத் தூக்கித் தரையில் அடித்தான். அவள் முடியைப் பிடித்து மருந்து அலமாரிப் பக்கம் இழுத்தான். இரும்பு அலமாரி. அவளுடைய நல்ல கையை, இடது கையை, கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் மூலையில் ஒதுங்கி நின்ற கம்பவுண்டருக்குக் கேட்டது. இன்னொரு முறை திறந்து சாத்தினான்.

"ஒரு மணி நேரம் கட்டுக்குப் பின்னால போட்டு வச்சேன்னு எழுதுவியா? போட்டுத்தான்டி வச்சேன். அந்தக் கைபோனவனையும்தான் போட்டு வச்சேன். எதால எழுதுவ இனிமே?" என்று கத்தினான்.

நுணலும் தன் வாயால் கெடும். அந்த அறையின் ஜன்னல் சரக்கு முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

அவன் போன பிறகு அவள் தரையில் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தாள். கம்பவுண்டர் கட்டுத்துணியைத் தேடினார். அவள் தலையை ஆட்டினாள்.

"முதல்ல எழுதுங்க. அடிபட்ட நேரம் பதினொன்னு நாற்பது. பக்கத்துல தனியா ஒரு கோடு போடுங்க. கட்டுப்போட்ட நேரம் அதுல."

ஆலையின் வண்டி மாமாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருந்ததால் அவள் அங்கேயே காத்துக் கிடந்தாள். மேலாளர் அம்மா வந்து பார்த்துவிட்டு, போலீசுக்குச் சொல்ல ஓடினார். போலீஸ் வருவதற்குள் பூட்ஸ் சாப்பிட வெளியே வந்தான். மாமா புகார் கொடுக்க மறுத்துவிட்டதால் வேலையில் தொடர்ந்த முற்றத்து அண்ணன்மார் இருவரும் அங்கே நின்றார்கள். இரும்புப் பட்டை அதேதான். முழங்கால் சில்லு இரண்டும் முதலில் போயின. பிறகு அவன் பூட்ஸைக் கழற்றி அதனாலேயே அவன் முகத்தில் அடித்தார்கள். வாசல் முழுக்க ஆள் நின்றது. ஒருவரும் பார்க்கவில்லை.

நாலு பேர் அவனைத் தூக்கி வந்து அவள் எதிர்க் கட்டிலில் போட்டார்கள். வாய் வழியாக ரத்தம் தரையில் சொட்டியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது.

கம்பவுண்டர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. அவளைப் பார்த்து மெதுவாக, "சைரன் அடிக்கட்டுமா?" என்றார்.

பூட்ஸின் கண் அவள்மேல்தான் இருந்தது. அவளும் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிகார முள் நகர்ந்தது. சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கட்டுங்க" என்றாள்.

பதிவேட்டை இழுத்து மடியில் வைத்தாள். வலது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கினாள். விரல் போன நாளிலிருந்து அந்தக் கையால் அவள் எழுதியதில்லை. கோழி கிளறின மாதிரி வந்தது எழுத்து. அடிபட்ட நேரம், முதல் அலறல் ஜன்னலில் கேட்டபோது, பன்னிரண்டு நாற்பத்தாறு. அறைக்கு வந்த நேரம் பன்னிரண்டு ஐம்பது. கட்டுப்போட்ட நேரம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

இரண்டு மாதம் கழித்து, கையிலிருந்த மாவுக்கட்டைப் பிரித்த வாரம், மேலாளர் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கம்பவுண்டர் பக்கத்துலயே இருந்திருக்கார். இந்த எட்டு நிமிஷம் என்ன?"

"நான்தான் மேடம்."

"கட்டுப்போட்டதையும் அம்பதுன்னே எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"எழுதினா படம் தப்பா வரும் மேடம்."

அந்த அம்மா பதிவேட்டை மூடினார். பிறகு ஜன்னலோர மேசையைக் காட்டினார். ஏழு டேட்டா அனலிஸ்ட் ஆனது அப்படித்தான்.

அக்கா இன்னும் பேசவில்லை. மாமா பேசுகிறார், கோணிப்போன தாடையால் ஒரு பக்கமாக. வேலைக்குத் திரும்பிய பிறகு யார் பதிவேட்டை நீட்டினாலும் முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடிபட்டவனிடம் எப்போது பட்டது என்று கேட்கிறார். அதற்கப்புறம்தான் கையெழுத்து.