சோளத் தோட்டத்துக்குள் ஒரு பாதை

ஓகஸ்ட் கடைசி வெயில். இங்கிலாந்தில் இருக்கிற தங்கச்சி வதனி ஊர்ப்புறம் காட்டுகிறேன் என்று கூட்டிவந்து, யாரோ ஒருவரின் சோளத் தோட்டத்துக்குள் என்னை நடத்துகிறாள். அவள் கையில் வேலியோரம் பிடுங்கிய பிளாக்பெரிப் பழ டப்பா. வேலியைக் கடக்க மரப்படி வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். வேலி போட்டவனே படியும் கட்டுவானா? கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் ட்ரக் ஓட்டுகிறவன் நான். அடையாள அட்டை காட்டாமல் ஒரு கேற்றையும் தாண்டியதில்லை.

“ஆரின்ரையோ காணி பிள்ளை. திரும்பிப் போவம்.”

“பயப்பிடாதேங்கோ அண்ணை. இது சனம் நடக்கிற பாதை. காணிக்காரனும் மறிக்கேலாது, சட்டம்.” இருபது வருசமாய் இங்கே இருக்கிற தைரியம் அவளுக்கு.

பின்னால் ஒரு உழவு இயந்திரம் வந்து நிற்கிறது. யாரோ உரத்துக் கத்துகிறார். சண்டைக் காலத்தில் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் பழகின என் கைகள் இரண்டும் தாமாகத் தலைக்கு மேலே போய்விடுகின்றன.

சேற்றுச் சப்பாத்தோடு இறங்கி ஓடிவருகிறார் கமக்காரர். மூச்சு வாங்குகிறது.

“மன்னிக்கவேணும்,” என்கிறார் இங்கிலிஷில். “பாதையை அகலமாய் வெட்டிவிட்டிருக்க வேணும், பிந்திப்போச்சு. நடக்கக் கஷ்டமாய் இருக்குமே?”

காணிக்காரன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! பதில் சொல்லட்டும் என்று வதனியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

டப்பா நிலத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. சிந்திய பழங்களுக்கு நடுவே, இரண்டு கைகளையும் என்னைப்போலவே உயர்த்தியபடி, அசையாமல் நிற்கிறாள்.