நடுப்பெயர் கட்டத்தில் நான் எழுதியது

நான் ஒரு பெண் தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பவேண்டும் என்று ஜெபித்தவள். முழங்கால் போட்டு, கண்ணீரோடு, பெயரைச் சொல்லி ஜெபித்தேன். சபையில் எல்லாரும் நன்மை கேட்டுப் பெற்றதைச் சொல்வீர்கள். நான் இதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அப்பா தூத்துக்குடிக்காரர். துபாயில் ஏசி மெக்கானிக். அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டவள், ஒரு கிளினிக்கில் இரவு டூட்டி பார்க்கிறாள். நான் கராமாவில் பிறந்து வளர்ந்து, பிலிப்பினோ பள்ளியில் படித்தேன். பள்ளியில் என்னை இந்தியக்காரி என்பார்கள். நம் சபையின் தமிழ் ஐக்கியத்தில் அத்தைமார் பாசமாகத்தான் ‘பிலிப்பினோ பொண்ணு’ என்பார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. வீட்டில் மட்டும் நான் முழுசாக அப்பாவுக்குப் பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், வெயில் இறங்கத் தொடங்கிய அக்டோபரில் ஷீபா வந்தாள். அப்பாவின் தங்கை மகள், நர்ஸ் படித்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். விசிட் விசாவில் வந்து, இங்கே வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் பரீட்சையை எழுதப்போகிறாள். அவளை மதினி முறையில் ‘மைனி’ என்று கூப்பிடச் சொன்னார் அப்பா. மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்று அழைப்பதுதான் மரியாதை என்றாள் அம்மா. நான் எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவள் வந்த முதல் சாயங்காலமே என் வயிறு எரியத் தொடங்கியது. அப்பா சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, மேஜையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவள் ஊர்க்கதை எதையோ வேகமான தமிழில் சொன்னாள், அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார், இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். என் பதினேழு வயதுக்குள் அப்பா என்னோடு அப்படிச் சிரித்ததே இல்லை. என்னோடு பேசும்போது அவர் இங்கிலீஷில் பேசுவார். சாப்பிட்டாயா, ஹோம்வொர்க் முடிந்ததா, நன்றாகத் தூங்கு. அவ்வளவுதான்.

எனக்குத் தமிழ் புரியாது என்று ஷீபா நினைத்தாள். எனக்கு நன்றாகவே புரியும். பேசமாட்டேன், அவ்வளவுதான். அதனால் அவர்கள் சிரிப்பு ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு மெத்தை போட்டார்கள். என் அப்பா, என் அறை, சாயங்காலம் என் அப்பா வாங்கிவரும் பப்ஸில் முதல் பங்கு, எல்லாம் அவளுக்கு. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டைக் கழுவினாள், என் மெத்தையையும் சேர்த்து மடித்தாள். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அம்மாவின் ஊர்ப் பழக்கத்தில் ‘தம்போ’ என்று ஒன்று உண்டு. பிரியமானவர்கள் மேல் வருத்தம் வந்தால் நாங்கள் சண்டை போடமாட்டோம். பேச்சை நிறுத்திவிடுவோம். அவர்களாக வந்து கொஞ்சிச் சமாதானப்படுத்தும்வரை காத்திருப்போம். நானும் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டைக் குறைத்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அப்பா வரவில்லை. நான் பள்ளிப் பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்து, பிள்ளையைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று டிவி சத்தத்தைக் குறைத்தார். அதைக் கேட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த நிலைமையில்தான் பரீட்சை விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பித் தரச் சொல்லி ஷீபா என்னிடம் கேட்டாள். அப்பாவும் சொன்னார். மறுக்க முடியவில்லை. என் மெயில் முகவரியைக் கொடுத்து நிரப்பினேன். முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். பிலிப்பினோக்களுக்கு நடுப்பெயர் என்றால் அம்மா வழியில் வருவது, அது இல்லாமல் பெயர் முழுமை ஆகாது. என் பெயரே அப்படித்தான் இருக்கிறது. அவள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அம்மா பெயர் ரோஸ்லின் என்று இருந்தது. யோசிக்காமல் நடுவில் ரோஸ்லின் என்று போட்டு அனுப்பிவிட்டேன். அதுவரை அது கள்ளமில்லாத தவறு.

இரண்டு நாள் கழித்து எனக்கு மெயில் வந்தது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ளபடியே பெயர் இருக்கவேண்டும், ஒரு சொல் கூடினாலும் பரீட்சை அறைக்குள் விடமாட்டோம் என்று எழுதியிருந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஷீபா சேவியர் என்று மட்டும்தான் இருந்தது. பரீட்சை அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதற்கு நாலாம் நாள் அவள் விசா முடிகிறது. அதற்குள் வேறு தேதி இல்லை. வாசலில் நிறுத்திவிட்டால் அவள் ஊருக்குத்தான் போகவேண்டும்.

நான் மெயிலை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஒன்றும் செய்யவில்லையே, ஆண்டவர்தானே செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்டவரே, அவளை அனுப்பிவிடும் என்று ஏழு நாள் ஜெபித்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இடையிடையே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொள்வேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டியது நடக்கப்போகிறது, சந்தோஷம் மட்டும் வரவில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை விடியும் முன் தாகம் எடுத்து எழுந்தேன். அம்மா டூட்டியிலிருந்து வரவில்லை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஷீபா ஜெபித்துக்கொண்டிருந்தாள். மெதுவான குரல்தான், ஆனால் வாய்விட்டு.

“ஆண்டவரே, இந்தப் பிள்ள மேல எனக்குப் பொறாமையா இருக்கு, மன்னிச்சிருங்க. மாமா இன்னைக்கும் அவ யூனிபாம தேச்சுப் போட்டுட்டுத்தான் குளிக்கப் போயிருக்காங்க. எங்கப்பா இருந்திருந்தா எனக்கும் செஞ்சிருப்பாங்கல்லா. அவ சரியா சாப்பிட மாட்டேங்கா. என்னாலதான்னு தோணுது. எனக்கு வேலையக் குடுங்க, நான் சீக்கிரம் போயிருதேன். அவ அப்பாவ அவளுக்கே குடுத்திருங்க.”

நான் ஹாலில் நின்றேன். நாற்காலி மேல் என் யூனிஃபார்ம் கிடந்தது. தொட்டேன். இன்னும் சூடாக இருந்தது. அத்தனை வருஷமும் அம்மாதான் தேய்த்து வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் அம்மா வீட்டிலேயே இருக்கமாட்டாள் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. ஷீபா மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே அவள் அப்பா கடலில் போய்விட்டார். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அவளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடுக்காதேயும் என்றேன்.

அப்பா வெளியே வந்ததும் மெயிலைத் திறந்து காட்டி, இரண்டு பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே ஏழு நாள் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். ஷீபா அழவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஃபோர்மேனுக்குப் போன் செய்து லீவு சொன்னார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

பரீட்சை அலுவலகம் தேய்ராவில் இருந்தது. மெட்ரோவில் போனோம். கவுண்டரில் இருந்த இளைஞன் கணினியைப் பார்த்தான். திருத்தும் காலம் முடிந்துவிட்டது, வேறு தேதிக்கு விண்ணப்பியுங்கள் என்றான். அப்பா கெஞ்சினார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான். நாற்காலியில் வந்து உட்கார்ந்தோம். ஷீபா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உதடு அசையாமல் ஜெபித்தேன். என்னைத் தண்டிக்க வேண்டுமானால் தண்டியும், அவளை விட்டுவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்திக்காக மனசாரக் கேட்டேன்.

பகல் ஷிஃப்ட் மாறியது. அந்த இளைஞன் எழுந்துபோய், அதே நாற்காலியில் நடுத்தர வயதுப் பிலிப்பினோ பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் நின்றேன். அவள் பெயரைப் படித்தாள், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், என் முகத்தைப் பார்த்தாள். இதை நிரப்பியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். உன் அம்மா நம்ம ஊரா என்று அம்மாவின் மொழியில் கேட்டாள். தலையாட்டினேன். இந்தியப் பெயரில் அம்மா பெயர் நடுவில் எப்படி வந்தது என்று இங்கே வேறு யாருக்கும் புரியாது, எனக்குப் புரிகிறது, நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். ஷீபாவின் பாஸ்போர்ட்டோடு என்னுடையதையும் சேர்த்து, சூப்பர்வைசர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவள் புதிய சீட்டை நீட்டினாள். “கலாஸ்,” என்றாள், முடிந்தது என்று. போய்ப் படிக்கச் சொல் என்று ஷீபாவைக் காட்டினாள்.

இந்த ஊரில் ஆயிரம் கவுண்டர்கள். என் தவறைப் பார்த்த உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தியை அந்த நாளில், அந்த நாற்காலியில் ஆண்டவர் கொண்டுவந்து உட்காரவைத்தார். அதை நான் தற்செயல் என்று சொல்லமாட்டேன்.

திரும்பும்போது மெட்ரோவில் ஷீபா கேள்விப் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள். அப்பா என் பக்கத்தில் நின்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவருடைய இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவை.

“நீங்க அவகூட சிரிக்கிற மாதிரி என்கூட சிரிச்சதே இல்லப்பா.”

இரண்டு ஸ்டேஷன் போனபின் அப்பா சொன்னார். நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது, பள்ளி வாசலில் தமிழில் பேசாதீர்கள், எல்லாரும் கேலி செய்கிறார்கள் என்று அழுதேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு தமிழில் பேசவில்லை.

“எனக்கு இங்கிலீசுல சிரிக்கத் தெரியாதுட்டி,” என்றார்.

கூட்டத்தில் நின்றபடியே அவர் சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். பத்து வருஷம் அவர் என் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார். நான் அதைப் பாசமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஷீபா மைனி பரீட்சையில் தேறினாள். இப்போது அல் ஐனில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்பீர்கள். உடனே மன்னிக்கவில்லை. சில மாதம் அளவாகத்தான் பேசினாள், அது நியாயமும்கூட. இந்தச் சாட்சியைத் தமிழில் எழுதி அனுப்பினேன், பிழை திருத்தித் தந்தவள் அவள்தான். ஏழு நாள் மறைத்ததை மட்டும் குறைத்துச் சொல்லிவிடாதே என்றாள்.

பொறாமை என்னைவிட்டு ஓடிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவளும் அப்பாவும் போனில் சிரிக்கும்போது இப்போதும் உள்ளே சுருக்கென்கிறது. அப்போது நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். சொல்கிறார். ஊர்க்கதை என்பதால் பாதி எனக்குப் புரிவதில்லை. மறுபடியும் முதலிலிருந்து விளக்குகிறார்.

பிரியமானவர்களே, யாரைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அந்தப் பெயரை ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னிடமிருந்து அந்த அசிங்கமான ஜெபத்தையும் அவர் கேட்டார். நான் கேட்டதைத் தரவில்லை, அதற்கு முதலில் ஸ்தோத்திரம். எனக்கு வேண்டியதைத் தந்தார். உங்களுக்கும் தருவார், நம்புங்கள். ஆனால் ஜெபம் முடிந்ததும் எழுந்து, அந்த ஆளிடமும் போய்ச் சொல்லுங்கள். எனக்கு ஹாலில் எழுந்து அவர்களிடம் போன அந்தப் பத்தடி தூரம்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அங்கேதான் என் அப்பாவும் இருந்தார்.