ஐந்தாம் குழியோரத்து வீடு

வீடு விற்றுக் கொடுக்கும் கிறிஸ்டின் காரை ஊருக்கு வெளியே திருப்பியபோதே ஆர்லீத்தா பெட்டிஃபோர்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பைன் மரங்களை வெட்டிப் புதிதாகக் கட்டிய வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே சாம்பல் நிறம்.

"இங்க உங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கும் மிஸஸ் பெட்டிஃபோர்ட். அமைதியான இடம். உங்களை மாதிரி ரிட்டயர் ஆனவங்க நிறையப் பேர் இருக்காங்க."

"நான் கேட்டது டாக்வுட் தெரு வீடு."

"அது பழைய வீடு. நூறு வருஷத்துக் கட்டடம். ஆணி அடிக்கிறதுன்னாகூட ஊர் அழகுக் குழுகிட்ட அனுமதி வாங்கணும். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

"என் தலைவலியை நான் பாத்துக்கறேன். நீ காரைத் திருப்பும்மா."

ஆர்லீத்தா குரலை உயர்த்தவில்லை. இருபத்தேழு வருடம் ராலே நகரப் பெண்கள் சிறையில் காவல் அதிகாரியாக இருந்தவளுக்குக் குரலை உயர்த்தும் தேவை எப்போதோ போய்விட்டது. கிறிஸ்டின் காரைத் திருப்பினாள்.

லாங்லீஃப் ஊரை கோல்ஃபுக்காகவே கட்டினார்கள். வட கரோலினாவின் மணல் காட்டில், குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வரும் பணக்காரர்களுக்காக ஒரு பெரிய ஓட்டல், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் தெருக்கள், வெள்ளை வீடுகள், புல்வெளிகள். அந்தப் புல்லை வெட்டியவர்களும், ஓட்டலில் படுக்கை விரித்தவர்களும், மட்டைப் பை சுமந்தவர்களும் சாலைக்கு அந்தப் பக்கம் ஜெசப் டவுனில் இருந்தார்கள். ஆர்லீத்தா பிறந்தது அங்கேதான். அவள் சிறுமியாக இருந்த காலத்தில், வேலை முடிந்தபின் கறுப்பர்கள் லாங்லீஃப் தெருவில் நின்றால் போலீஸ்காரர் வந்து என்ன வேலை என்று கேட்பார். இப்போது, தொண்ணூற்றாறாம் வருடத்தில், யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் லாங்லீஃபின் சாக்கடைக் குழாய் மட்டும் இன்னமும் சாலையோடு நின்றுவிடுகிறது. பெருமழை பெய்தால் ஜெசப் டவுன் கழிவறைகள் நிரம்பி வழியும்.

அவளுடைய அண்ணன் ஹோரேஸ் இன்னும் அங்கேதான் இருந்தார். பன்னிரண்டு வயதில் பை சுமக்கத் தொடங்கி, இடுப்பு எலும்பு தேய்ந்து முடியாமல் போகும்வரை அதே வேலை. தங்கை டாக்வுட் தெருவில் வீடு வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேலைலேருந்து ரிட்டயர் ஆனப்ப புத்தியையும் சேத்து ரிட்டயர் பண்ணிட்டியா?"

"ஏன், வீடு நல்லா இல்லையா?"

"வீடு நல்லாத்தான் இருக்கு. கோல்ஃப் மைதானத்து அஞ்சாம் குழிக்குப் பக்கத்துல. அந்த வேலியோரம் நான் எத்தனை பந்து தேடியிருக்கேன்! லீத்தா, அந்த ஊர்ல உன்னை யாரும் திட்டமாட்டாங்க. சிரிப்பாங்க. சிரிச்சுச் சிரிச்சே வெளிய தள்ளிடுவாங்க."

"பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கத்தியா சீவிக்கிட்டு என் மேல பாஞ்சவளையே உக்காரவெச்சுப் பேசியிருக்கேன். சிரிக்கிறவங்களைப் பாத்தா பயப்படப் போறேன்?"

"இங்கயே அம்மா வீடு இருக்கே. செப்பனிட்டு இரேன்."

"குழாய் வராத இடத்துல இருந்தது போதும் ஹோரேஸ். எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்கு. அகலமான வராந்தா, பெரிய ஜன்னல். பிடிச்சிருக்கு, அவ்ளோதான். அவங்க வாங்கறப்ப காரணம் யாராவது கேட்டாங்களா?"

அட்லாண்டாவிலிருந்து மகள் ரோஷெல் போன் செய்து அழுது பார்த்தாள். கணவர் உயிரோடிருந்தால் அவரும் அழுதிருப்பார். ஆர்லீத்தா எல்லோரையும் அழவிட்டு, கையெழுத்துப் போடப் போனாள்.

அங்கேதான் கிறிஸ்டின் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "ஒரு சின்ன விஷயம். இந்த வீட்டோட கோல்ஃப் கிளப் உறுப்பினர் இடமும் வருது. அந்தக் காலத்து ஏற்பாடு. நீங்க விளையாடறதில்லையே, அதை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா மாசாமாசம் கட்டற செலவு மிச்சம்."

"யார் சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல. உங்க நல்லதுக்குத்தான்..."

"வீட்டோட வர்றது எல்லாம் என்கூட வரட்டும். கதவு, ஜன்னல், கூரைல குடியிருக்கிற அணில், கிளப்பு. ஒண்ணையும் விடறதா இல்ல."

குடிவந்த முதல் வாரம் ஒருத்தி கேக்கோடு வந்து, வீட்டுக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். "வந்தாச்சு" என்று சொல்லி ஆர்லீத்தா கேக்கை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் பின்பக்க வேலியைத் தாண்டி வந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "இந்தாம்மா, இங்க ஒரு பந்து விழுந்துச்சா? வீட்டு முதலாளிகிட்ட கேட்டுட்டு எடுத்துக்கிறேன்" என்றார்.

"கேளுங்க."

"யாரை?"

"முதலாளியைத்தான். முன்னாலதான் நிக்கிறேன். கேளுங்க."

அவர் முகம் சிவந்து, பந்தே வேண்டாமென்று திரும்பிப் போனார். அன்று மாலை ஹோரேஸிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்கு வந்தால் இன்னமும் பின்கதவைத்தான் தட்டுவார். ஆர்லீத்தா திறக்கமாட்டாள். முன்பக்கம் சுற்றி வரும்வரை உள்ளே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். இடுப்பு வலியோடு அவர் திட்டிக்கொண்டே சுற்றி வருவார்.

இலையுதிர் காலத்தில் அவள் முன்வாசலில் கொலார்ட் கீரை போட்டாள். பின்புறம் முழுக்க பைன் மர நிழல். வெயில் விழுவது முன்னால் மட்டும்தான். செடிகள் காது மாதிரி இலைகளை விரித்து வளர்ந்தன. உடனே ஊர் அழகுக் குழு கூப்பிட்டனுப்பியது. தலைவர் வின்ஸ்லோ, ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஹோரேஸ் சொன்ன அதே சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

"உங்களை இங்க பாக்கிறதுல ரொம்ப சந்தோஷம் மிஸஸ் பெட்டிஃபோர்ட். ஆனா முன்வாசல்ல அலங்காரச் செடி மட்டும்தான் வெக்கலாம். கீரை அலங்காரம் இல்லையே."

"அப்படியா? உங்க ஓட்டல் வாசல்ல வட்டமா நட்டு வெச்சிருக்கீங்களே, ஊதாவும் வெள்ளையுமா, அது என்ன?"

"அது அலங்கார முட்டைக்கோஸ்."

"என் கீரைக்குப் பங்காளி முறை. உங்களோடதைத் தின்ன முடியாது, என்னோடதைத் தின்னலாம். அதான் குத்தமா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"இது கேலி பண்ற இடம் இல்ல" என்றார் வின்ஸ்லோ. சிரிப்பு இப்போது அவர் உதட்டில் மட்டும் இருந்தது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"நல்லது. அப்ப ஓட்டல்காரங்களையும் பிடுங்கச் சொல்லுங்க. அவங்க பிடுங்கின மறுநாள் நான் பிடுங்கறேன்."

முடிவு எடுப்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டத்துக்கு. அதற்குள் கீரை வெந்து, பன்றிக் கழுத்தெலும்போடு சேர்ந்து, சோளரொட்டியோடு அவள் வயிற்றுக்குப் போய்விட்டது.

அந்த முதல் கூட்டத்துக்குப் பிறகுதான் அவளுக்கு கிளப் நினைவு வந்தது. ஹோரேஸ் வாழ்நாளெல்லாம் நடந்த மைதானம். பை சுமப்பவர்கள் ஆடலாம், திங்கட்கிழமை மட்டும். அன்றைக்கு கிளப் மூடியிருக்கும், பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். இளவயதில் ஹோரேஸ் ஆட்டத்தைப் பார்த்த மற்றப் பையன்கள் வாயடைத்துப் போவார்களாம். அவள் கிளப்புக்குப் போன் செய்து சனிக்கிழமைக் காலை ஆட நேரம் கேட்டாள், ஒரு விருந்தாளியோடு.

"சனிக்கிழமை ரொம்ப நெருக்கடி மேடம். திங்கட்கிழமை காலியா இருக்கு" என்றது எதிர்முனை. அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது. அவன் சொன்னது வெறும் தகவல்தான். ஆனாலும் ஆர்லீத்தாவுக்குச் சுருக்கென்றது.

"திங்கட்கிழமையை நீயே வெச்சுக்கோ. சனிக்கிழமை எப்ப வேணும்னாலும் சரி. நான் உறுப்பினர்."

ஹோரேஸ் வரமாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்தார். "எல்லாரும் பாப்பாங்க."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"இடுப்பு வலிக்குது."

"அதை நாப்பது வருஷம் அவங்களுக்காகப் பொறுத்துக்கிட்ட. ஒரு காலைல எனக்காகப் பொறுத்துக்கோ."

சனிக்கிழமை அவர் தேய்த்த கால்சட்டையும் தொப்பியுமாக வந்தார். முன்கதவைத் தட்டினார். ஆர்லீத்தா உடனே திறந்தாள். அதைச் சொல்லிக் காட்டினால் திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தாள்.

முதல் குழிக்கு எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹோரேஸ் மட்டையை ஓங்கினார். பந்தின் தலையில்தான் பட்டது. அது புல்லில் உருண்டு உருண்டு, நாலடி நடந்தால் எட்டும் தூரத்தில் போய் நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆர்லீத்தா அண்ணனைப் பார்த்தாள். நான்தான் இவரை இழுத்துவந்து அவமானப்படுத்துகிறேனா?

ஹோரேஸ் பந்தைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "இதைவிடக் கேவலமா அடிச்சவங்களுக்கெல்லாம் நான், 'அருமையான அடி சார்'னு சொல்லியிருக்கேன் லீத்தா. சொல்லு."

"அருமையான அடி சார்!" என்று ஆர்லீத்தா காப்பி மேசைவரை கேட்கும்படி கத்தினாள்.

இரண்டாவது அடி நேராகப் போனது. மூன்றாம் குழியில் அவர் பந்தை உருட்டிய விதத்தைப் பார்த்து, புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றான். ஆனால் ஐந்தாம் குழிக்கு வந்தபோது இடுப்பு அவரை விடவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார், நெற்றியெல்லாம் வியர்வை.

"போதும். சனிக்கிழமை ஆடியாச்சு. உன் வீட்டு வராந்தா அதோ இருக்கு, நான் உக்காரப் போறேன்."

"சரி, நானும் வரேன்."

"நீ எங்க வர்றே? பணம் கட்டின உறுப்பினர் நீ. மிச்சத்தை ஆடு."

"எனக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"இங்க ஆடறவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. போ."

அவர் வேலிக் கதவைத் திறந்து போய், வராந்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆர்லீத்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறாம் குழிக்கு நடந்தாள். முதல் அடி பந்தில் படாமல் காற்றில் போனது. இரண்டாவது மண்ணைப் பெயர்த்தது. மூன்றாவதில் பந்து பைன் மரத்தில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. பின்னால் நான்கு ஆண்கள் வந்து சேர்ந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வழிவிட்டு ஒதுங்குவது இங்கே மரியாதை என்று ஹோரேஸ் சொல்லியிருந்தார். கேட்டால் ஒதுங்குவாள். அவர்கள் கேட்கவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்கள்.

ஆர்லீத்தா பந்தைக் குனிந்து பார்த்தாள், கால்களை அகட்டி வைத்தாள், மறுபடி ஓங்கினாள். பொறுக்க முடியாமல் ஒருவர் கடைசியில் முன்னால் வந்தார். "இந்தாம்மா, கொஞ்சம் எங்களை..."

"மிஸஸ் பெட்டிஃபோர்ட்" என்றாள் அவள், திரும்பாமலே.

அவர் தொப்பியைத் தொட்டார். "மிஸஸ் பெட்டிஃபோர்ட், உங்களுக்கு ஆட்சேபம் இல்லேன்னா நாங்க முந்திப் போகலாமா?"

"தாராளமா" என்றாள் ஆர்லீத்தா. "இந்த அடியை அடிச்சிட்டு ஒதுங்கறேன்."

அந்த அடியை அவள் அவசரப்படாமல் அடித்தாள்.